கதவுகளைக் கழற்றச் சொன்னவர்

காலைச் சபைகூடல் முடிந்து பள்ளி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. அஞ்சலையின் பெயர் திரையில் தெரிந்தது. அஞ்சலை கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். வேலை நேரத்தில் அங்கே தொலைபேசியைத் தொட விடமாட்டார்கள். அதனால் எடுப்பதற்கு முன்பே மனம் கொஞ்சம் தயாராகிவிட்டது.

"சார், கதவம்மா போய்ட்டாங்க" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. பீடோர் வட்டாரத்தில் அந்தப் பெயருக்கு ஒருவர்தான் இருந்தார். அவர் சமூக நல இலாகா அதிகாரி. கோப்புகளில் வள்ளியம்மை. அலுவலகத்தில் மலாய் மரியாதையோடு புவான் வள்ளி. எனக்கு வள்ளி அக்கா. வயதில் மூத்தவர் என்பதற்காக மட்டும் நான் அப்படிக் கூப்பிடவில்லை. புவான் என்று சொன்னால் மனுதான் கொடுக்க முடியும், அக்கா என்றால் சண்டை போடலாம். எனக்கு அவரிடம் சண்டை போட நிறைய இருந்தது.

மறுநாள் நாளிதழில் வந்த இரங்கல் அறிவிப்பில் 'சமூக சேவகி' என்று போட்டிருந்தார்கள். இந்த நினைவஞ்சலியைப் படிக்கும் உங்களில் அவரோடு வேலை செய்த பலர் அதைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள். அந்தச் சொல்லை அவர் எதிரில் யாராவது சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஒருமுறை எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்த ஒருவர் எழுந்தார். அக்கா ஒலிபெருக்கியைப் பிடுங்காத குறைதான். "நான் சேவை செய்யல. சம்பளத்துக்கு வேலை செய்யறேன். சேவைன்னா நீங்க நன்றி சொல்லணும். வேலைன்னா என்னைக் கேள்வி கேக்கலாம்" என்றார். பொன்னாடையைக் கொண்டுவந்தவர் அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

எங்கள் தமிழ்ப்பள்ளி கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. அதனால் ஆறு பொங்கினால் எங்கள் மண்டபம்தான் நிவாரண மையம். நான் துணைத் தலைமையாசிரியர் என்பதால் மண்டபத்துச் சாவிகள் என்னிடம் இருந்தன. ஒரு வருடம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அவர் வந்து நின்றார். பருத்திச் சேலை, காலில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கழிப்பறைக் குழாய் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். பெண்கள் துணி மாற்ற எங்கே மறைவு என்று கேட்டார். பிறகு மேடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையின் சாவி வேண்டும் என்றார். அங்கே ஆண்டுவிழா ஒப்பனைப் பொருட்களும் உடைந்த மேசைகளும் கிடக்கின்றன, தர முடியாது என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். பழம் தீர்ந்ததும் இன்னொன்று எடுத்தார். பள்ளி விடும் மணி அடித்தபோது சாவியைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளம் எங்கள் பக்கம் வருவது பெரும்பாலும் வருடக் கடைசியில். அது கார்த்திகை மாதம், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் விரதத்தில் இருக்கும் காலம். நிவாரண மையத்துக்குச் சமையல் குத்தகை எடுத்தவர்கள் கோழிக்கறி அனுப்புவார்கள். மாலை போட்டவர்கள் சோற்றைத் தொடாமல் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். வேறு அதிகாரிகள் அதைப் பிடிவாதம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். வள்ளி அக்கா தன் காரிலேயே போய்ப் புதுச் சட்டியும் கரண்டியும் வாங்கி வந்து, சமையலுக்கு வந்திருந்த, சித்தி என்ற பெயருள்ள மலாய்க்கார அம்மாளிடம் கொடுத்தார். மலாயில் அக்காவுக்குக் காக் என்பதால் எங்களுக்கு அவர் காக் சித்தி. காக் சித்தி தலைக்குக் குளித்துவிட்டு வந்து பருப்பும் கீரையும் சமைத்தார். அந்தச் சட்டிக்குள் வேறு எதையும் யாரும் விடாதபடி அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து நின்றால் என் மண்டபத்தில் எனக்கே பேச்சில்லை.

ஆனால் அவரைக் கதவம்மா ஆக்கியது அடுத்த கதை. அதைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் முழுவதும் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய், நிலம் வீடமைப்புக் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறியிருந்தது. ஆற்றை ஒட்டி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒன்று மட்டும் மிச்சம். அதில் ரப்பர்ப் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போய் மாலையில் வருவார்கள். நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஆட்கள் குடியிருக்கும்வரை அவர்களுக்கு மாற்று வீடு கட்டித் தராமல் கம்பெனி அந்த லயத்தை இடிக்க முடியாது என்று ஒரு வாக்குறுதி இருந்தது. அவர்களிடம் இருந்த ஒரே பிடி அதுதான். வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

அங்கே பெரியவர் மாரிமுத்து. அஞ்சலையின் மாமனார். இளம் வயதில் அவர் வேறொரு தோட்டத்தில் இருந்தவர். அந்தத் தோட்டம் கைமாறிய சமயம், லயத்து ஆட்கள் எல்லாரும் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொரு கதவிலும் புதுப் பூட்டு. உள்ளே இருந்த துணிமணியைக்கூட எடுக்க விடவில்லையாம். அன்றிலிருந்து அவர் குடும்பத்தில் வீடு ஒரு நாளும் ஆளில்லாமல் இருந்ததில்லை. கல்யாணம், சாவு எதற்குப் போனாலும் ஒருவர் வீட்டில் நிற்பார். நாளடைவில் லயம் முழுவதற்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. மகன் திருமணத்துக்கே மாரிமுத்து போகவில்லை. வாசலில் உட்கார்ந்து தாலி கட்டும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அஞ்சலை சொல்வாள்.

நான் சொல்ல வந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ஆற்றின் மேல்பக்கம் நீர் ஏறிவிட்டது, சாயங்காலத்துக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. தீயணைப்புப் படையின் பொம்பாக்காரர்கள் படகோடு வந்து நின்றார்கள். போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் மலாயிலும் உடைந்த தமிழிலும் கத்தினார். பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லாரியில் ஏறினார்கள். ஆண்கள் ஏறவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்களில் பலர் எங்கள் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் நான் சொன்னால் கேட்பார்கள் என்று என்னை அழைத்துப் போயிருந்தார்கள். நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரி ஒருவர், பிடித்துக் கட்டி ஏற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வள்ளி அக்கா பூட்ஸ் காலோடு முழங்காலளவு தண்ணீரில் நடந்து போய் மாரிமுத்துவின் வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈப்போவில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் வீட்டுப் பெண், லயத்து வாசற்படியில் உட்கார்ந்து பேசுவதை அந்த ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். என்ன பயம் என்று கேட்டார். பெரியவர் பழைய கதையைச் சொன்னார். ஆறு பின்னால் இரைந்துகொண்டிருக்க, அக்கா அதை நிதானமாக முழுவதும் கேட்டார். பிறகு திரும்பி அந்தப் பலகைக் கதவைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, வீட்டைப் பூட்டணும்னா அவனுக்கு என்னா வேணும்?"

"பூட்டு வேணும்."

"பூட்டு எதுல மாட்டுவான்?"

பெரியவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கதவுலதான்."

"அப்ப கதவக் கழட்டிக்கிட்டு வாங்க. லாரில ஏத்துங்க. கதவு உங்ககிட்ட இருந்தா எவன் வந்து பூட்டுவான்லா? தண்ணி வடிஞ்சதும் நீங்களே கொண்டுவந்து மாட்டிக்கலாம். நான் சொல்றேன், திரும்பி வருவீங்க."

அதுவரை அசையாத ஆண்கள் எழுந்தார்கள். கீல்களைக் கழற்றும் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. துருப்பிடித்த ஆணிகளைக் கடப்பாறையால் நெம்பினார்கள். பொம்பாக்காரர்களும் இறங்கிக் கை கொடுத்தார்கள். ஒரு லாரியில் மனிதர்களும் ஒரு லாரியில் கதவுகளுமாக என் பள்ளிக்கு வந்து சேர்ந்தோம். இருட்டுவதற்குள் லயத்துக்குள் தண்ணீர் கூரை விளிம்புவரை ஏறிவிட்டது. அன்று அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் இன்று வேறு பல பேருக்கு நான் நினைவஞ்சலி எழுதியிருப்பேன். இதை மறக்க வேண்டாம். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மண்டபத்தில் இலாகா கொடுத்த துணிக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கூடாரத்தின் தலைமாட்டிலும் ஒரு கதவு. வீட்டு எண் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியது, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது, பழைய மாவிலைத் தோரணத்தின் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, எல்லாம் உண்டு. சிமெண்டுத் தரை குளிர்கிறது என்று சிலர் கதவைக் கீழே போட்டு அதன்மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். பிள்ளைகள் பக்கத்துக் கூடாரத்துக்குப் போனால் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். வள்ளி அக்காவும் தட்டினார். பதிவு எடுக்கப் போகும்போது கதவைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். உள்ளே இருப்பவர்கள் வாங்க என்றால்தான் குனிந்து கூடாரத்துக்குள் போவார். பார்க்க வந்த பிரமுகர் ஒருவர் இந்தக் குப்பையை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று கேட்டபோது, "துவான், இது இவங்க வீடு. மிச்சத்த தண்ணிக்குள்ள விட்டுட்டு வந்திருக்காங்க" என்றார். கதவம்மா என்ற பெயர் அந்த நாட்களில் வந்தது. அதைக் கேட்டால் அவர் வாய்விட்டுச் சிரிப்பார். மண்டபத்தின் கடைசிவரை கேட்கும் சிரிப்பு.

தண்ணீர் வடிந்தது. ஆனால் லயத்துக்குப் போகும் சாலையில் சிறு பாலம் ஒன்று அடித்துக்கொண்டு போயிருந்தது. அதைச் சரிசெய்யும்வரை பொறுங்கள், சேற்றில் நோய் வரும், மின்சாரமும் துண்டித்திருக்கிறது என்று இலாகா சொன்னது. அவர்களும் பொறுத்தார்கள். கதவு தங்களிடம் இருக்கிறதே என்ற தைரியம். முன்பென்றால் யாராவது ஒருவர் நீந்தியாவது போய் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

கம்பெனிக்கு நிலத்தின் மறுபக்கத்திலிருந்து வேறு வழி இருந்தது. அந்த வழியாக அவர்களின் ஆள் வந்து லயத்தைப் பார்த்திருக்கிறார். விளக்கில்லை, ஆளில்லை, சேறு அடைத்துக் கிடக்கிறது. எந்த வீட்டுக்கும் கதவில்லை. குடியிருந்தவர்கள் கதவைக்கூடப் பெயர்த்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டார்கள் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பூட்டியிருந்தால் யாருடைய வீடு என்றாவது கேட்டிருப்பார்கள். கதவில்லாத வீட்டுக்கு என்ன கேள்வி? இயந்திரம் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள்.

இது எங்களில் யாருக்கும் தெரியாது. பாலம் சரியானதும் கதவுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். விடுமுறை நாள். பெண்கள் துடைப்பமும் வாளியும் எடுத்து வந்தார்கள். மாரிமுத்து தன் கதவின் பக்கத்தில் லாரியின் பின்புறமே உட்கார்ந்து வந்தார், புதுக் கீல் வாங்கி மடியில் கட்டியிருந்தார். வள்ளி அக்காவின் கார் எங்களுக்கு முன்னால் போனது. வளைவு திரும்பியதும் அவர் கார் நின்றது. நின்ற கார் வெகு நேரம் நகரவில்லை. அதைத் தாண்டிப் போனபோதுதான் பார்த்தோம். சிமெண்டுப் படிகள் மட்டும் வரிசையாக இருந்தன. படிகளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

யாரும் அழவில்லை. அழுவார்கள் என்று நினைத்து நான் பயந்தேன், அழாதது அதைவிடப் பயமாக இருந்தது. லாரிக்காரருக்கு அடுத்த வேலை இருந்தது. எங்கே இறக்குவது என்று கேட்டார். பிறகு அவரே இறக்க ஆரம்பித்தார். மாரிமுத்து தன் கதவை வாங்கி, தன் வீட்டுப் படிக்கு மேலே, நிலை இருந்த இடத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சாய்க்கச் சுவர் இல்லை. கையை எடுத்தால் விழுந்துவிடும் என்று எடுக்காமலே நின்றார். அஞ்சலை போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்குக் கதவு இருக்குக்கா" என்றாள் வள்ளி அக்காவைப் பார்த்து. "வீடு எங்க?"

அன்று மாலை என் மண்டபத்தில் எல்லாரையும் மறுபடி உட்கார வைத்து அவர் பேசினார். பேசுவதற்கு முன் அவருடைய மேலதிகாரி அவரைத் தனியே அழைத்து, எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், நாளைக்கு வழக்கு கிழக்கு என்று வந்தால் சிக்கல் என்று சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா மேடை ஏறவில்லை. கூடாரங்களுக்கு நடுவில் நின்று சொன்னார். "கதவக் கழட்டச் சொன்னது நான். திரும்பி வருவீங்கன்னு சொன்னதும் நான்தான். தப்பு என்னோடது. இத வேற யார் மேலயும் போடமாட்டேன்." இதையே மாவட்ட அலுவலகத்திலும் சொன்னார், நான் அங்கே இருந்தேன். அதனால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது அலைச்சல். வெள்ளத்தில் பழுதான வீட்டைச் செப்பனிட உதவி உண்டு, ஆனால் செப்பனிட வீடு இல்லை. வெள்ளத்தில் இடிந்த வீட்டுக்குப் புது வீடு உண்டு, ஆனால் இந்த வீடுகள் வெள்ளத்தில் இடியவில்லை. தண்ணீர் தொட்டது, இயந்திரம் இடித்தது. கம்பெனியோ ஆளில்லாத இடத்தைத்தான் இடித்தோம் என்றது. இரண்டுக்கும் நடுவில் இந்தக் குடும்பங்கள் விழுந்தன. வள்ளி அக்கா ஒருமுறை அலுவலகம் ஒன்றிலிருந்து வெளியே வந்து, கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றார். "தண்ணி செஞ்சதுக்கு பந்துவான், உதவித்தொகை எல்லாம் இருக்கு சார். மனுஷன் செஞ்சதுக்கு எழுதிக் குடுக்க ஒரு பாரம்கூட இல்ல" என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை, நல்லதுதான்.

கடைசியில் பழைய அடுக்குமாடி ஒன்றில் தற்காலிகமாக இடம் வாங்கிக் கொடுத்தார். புது வீடு கிடைக்கும்வரை என்று பேச்சு. மின்தூக்கி பெரும்பாலும் ஓடாது, சுவரில் ஈரம் ஊறும். அந்த வீடுகளுக்கு ஏற்கெனவே இரும்புக் கதவு இருந்ததால் மரக் கதவுகளை நடைபாதைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

அங்கேதான் மாரிமுத்து இறந்தார். நானும் போயிருந்தேன். மின்தூக்கி நின்றுபோயிருந்தது, படிக்கட்டு குறுகல், பெட்டி திரும்பாது. ஈமச்சடங்குக்கு வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரியவரின் சொந்தக் கதவு அதோ இருக்கிறது, அதில் கிடத்திக் கீழே இறக்கிவிடலாம் என்றார். நல்ல யோசனை என்றே எல்லாருக்கும் பட்டது. இரண்டு பேர் கதவைத் தூக்கவும் செய்தார்கள்.

அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம். அதுல பொணம் வச்சா பெறகு வீட்டுல மாட்ட முடியாது. அது எங்க வீட்டுக் கதவு. வீடு கெடச்சதும் மாட்டணும்" என்றாள்.

போர்வையில் கிடத்தி, நான்கு முனையையும் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கினோம். கடைசிப் படி இறங்கி வெளியே வந்ததும் நான் மேலே பார்த்தேன். வள்ளி அக்கா நடைபாதையின் மறுகோடிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து நின்றிருந்தார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அந்தப் பெரிய சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

நடைபாதையில் மரம் கிடந்தால் தீப்பிடிக்கும், அகற்றாவிட்டால் நாங்களே அகற்றுவோம் என்று அடுக்குமாடி நிர்வாகம் எச்சரிக்கை ஒட்டியது. அந்த வாரமே அக்கா என் முன்னால் வந்து நின்றார். பணி ஓய்வு பெற்றிருந்தார். மெலிந்திருந்தார். சாமான் அறைச் சாவி வேண்டும் என்றார். இந்தமுறை ஆரஞ்சுப் பழம் தேவைப்படவில்லை. ஒப்பனைப் பொருட்களையும் உடைந்த மேசைகளையும் நானே வெளியே எடுத்துப் போட்டேன். கதவுகளை எண் வரிசைப்படி அடுக்கினோம். கரையான் ஏறாமல் அடியில் செங்கல் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். யாராவது கதவை எடுக்க வந்தால் தனக்குப் போன் பண்ண வேண்டும், எத்தனை மணியானாலும் லாரியோடு வருவதாகச் சொன்னார்.

இத்தனை வருடமாகியும் அந்தப் போனைப் பண்ண எனக்கு வாய்க்கவில்லை. புது வீட்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள், படம் எடுத்தார்கள். பிறகு அங்கே புல்தான் வளர்ந்தது. நோய் வந்த பிறகும் அக்கா மருத்துவமனைக்குப் போகிற வழியில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் இறங்கி இது என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் போவார் என்று அவர் மகள் சொன்னார். அலுவலகங்களில் இளம் பிள்ளைகள் அவருக்கு நாற்காலி போடுவார்களாம். நாற்காலியைத் தவிர வேறொன்றும் அவர்களால் தர முடியவில்லை.

ஈப்போவில் அவர் உடல் கிடந்தபோது, அடுக்குமாடிக்காரர்கள் தொழிற்சாலை பஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாருமாக வந்திருந்தார்கள். காக் சித்தியும் வந்திருந்தார். அஞ்சலை என்னை ஓரமாக அழைத்து, போன வாரம் மருத்துவமனைக்குப் போய் அக்காவைப் பார்த்ததைச் சொன்னாள்.

கண்ணைத் திறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, வீடு கிடைத்ததா என்பதுதானாம். அஞ்சலைக்குப் பதில் தானாக வாயில் வந்துவிட்டது. "கெடச்சுருச்சுக்கா. சாவி கையில இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு, "கதவு பொருந்துச்சா?" என்று கேட்டாராம்.

சொன்ன பொய்யை அதற்குமேல் எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அஞ்சலை, "கொஞ்சம் பெருசா இருக்குக்கா. சீவணும்" என்றிருக்கிறாள்.

"சீவாத. தண்ணில ஊறுன மரம், வெயில்ல நல்லா காஞ்சா அதுவே சுருங்கிச் சேரும். கொஞ்சம் பொறுத்துக்க" என்றாராம் அக்கா.

"நம்பிட்டாங்களா சார்?" என்று அஞ்சலை என்னைக் கேட்டாள். அவளுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்று அவள் முகம் சொன்னது. நம்பிவிட்டார், நிம்மதியாகப் போயிருப்பார் என்றேன்.

உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் அவரைத் தெரியும். எந்த இடம், எந்த மாடி, என்ன எண் என்று கேட்காமல் வள்ளி அக்கா யாரையும் விட்டதில்லை. அன்று கேட்கவில்லை. அந்தக் கதவு என் சாமான் அறையில் இருக்கிறது என்பதும், நான் போன் பண்ணவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பொய் என்று தெரிந்துதான் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு, சீவாதே, பொறு என்று சொல்லியிருக்கிறார். தான் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்பதைத் தெரிந்துகொண்டேதான் போனார். நிறைவேறிவிட்டது என்று நடிக்கும் வேலையை மட்டும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவருடைய படமோ கடிதமோ என்னிடம் இல்லை. கதவுகள் இருக்கின்றன. பள்ளி வாரியம் சாமான் அறையைக் கணினி அறையாக மாற்ற வேண்டும் என்கிறது, நான் சாவியைத் தரவில்லை. வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் அவற்றை ஒவ்வொன்றாகத் திடலில் எடுத்துவைத்துக் காயப்போட்டு, மாலையில் பழையபடி வரிசையாக அடுக்குகிறேன்.